கை காட்டியவனும் சாட்சி சொன்னவனும்

புதிதாகத் தொழிற்சாலை பஸ் ஓட்ட வந்திருக்கும் தம்பிகளுக்கும், இந்த வருஷம் சேர்ந்திருக்கும் இரண்டு தங்கச்சிகளுக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று டிப்போவில் கேட்டார்கள். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, இடைநிலைப் பள்ளிக்கு ஒரு வருஷம் போய், அதோடு நின்றவன். கேட்ட நாளிலிருந்து மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. தப்பாக எழுதினால் சிரிப்பார்களோ, ஓய்வு பெற்ற கிழவன் பெரிய பேச்சுப் பேசுகிறான் என்பார்களோ என்று ஒரே யோசனை. என் மகள்தான், "நீங்க பேசுற மாதிரி எழுதுங்கப்பா, ஒற்று கிற்று நான் பாத்துக்கிறேன்" என்றாள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

வண்டி ஓட்டுவது எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை. அதையெல்லாம் லைசென்ஸ் வகுப்பிலேயே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், எனக்குத் தெரிந்ததைவிட நன்றாகவே. நான் சொல்லப்போவது, முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒரு நாள் பயப்படாமல் வண்டி ஓட்டிய கதை.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். அதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. காலையில் வண்டி எடுக்கும் முன் சக்கரத்து நட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பேன். பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்ததும், பின்சக்கரத்தில் ஒன்றை விட்டுவிட்டோமோ என்று மறுபடி இறங்குவேன். வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றிய பிறகு, ஹேண்ட்பிரேக் இழுத்தோமா என்று சந்தேகம் வந்து, மோட்டார் சைக்கிளில் திரும்பவும் டிப்போவுக்குப் போயிருக்கிறேன். மற்ற டிரைவர்கள் எனக்கு 'டாக்டர்' என்று பெயர் வைத்தார்கள். பஸ்சுக்கு நாடி பிடித்துப் பார்க்கிறவனாம். "டாக்டர், இன்னைக்குப் பேஷண்ட் எப்படி, பொழைக்குமா?" என்று காலையிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். எனக்குக் கோபம் வராது. உண்மையைத்தானே சொல்கிறார்கள்.

என் பாதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். சுங்கை சிப்புட் பக்கம், பழைய தோட்டத்துக்குப் பின்னால் இருக்கிற தாமான் குடியிருப்பில் ஆள் ஏற்றி, பெரிய சாலை வழியாக வந்து, ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வாசலில் இறக்க வேண்டும். மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் அதே ஆட்களை ஏற்றித் திரும்ப வேண்டும். ஏறுகிறவர்கள் எல்லாரும் பெண்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது லயத்து வீடுகளைக் காலி செய்து தாமானுக்கு வந்த குடும்பங்கள். நானும் அந்தத் தோட்டத்தில்தான் பிறந்தேன். விற்றது போக மிச்சமிருந்த நிலத்தில் தோட்டக் கம்பெனி கித்தா என்கிற ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கிற செம்பனை நட்டுவிட்டது. அது நடக்கும்போது நான் டவுனுக்கு வந்து வருஷக்கணக்காகிவிட்டது.

பதின்மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலையில், பிரேக்குக்குக் காற்று ஏறும் மீட்டரில் முள் வழக்கத்தைவிட மெதுவாக ஏறியது. அல்லது ஏறுவது போல எனக்குத் தோன்றியது. எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இந்த முறை சரியாகத் தெரிந்தது. இன்னொரு தடவை பார்த்தால் மறுபடியும் மெதுவாக ஏறியது. எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நாற்பது பேர் ரோட்டில் காத்திருக்கிறார்கள், நீ முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாயா என்று சூப்பர்வைசர் போனில் கத்தினார். ஆனாலும் எடுக்கவில்லை. மத்தியானம் மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்து, பின்பக்கத்துக் காற்றுக் குழாயில் வெடிப்பு இருக்கிறது, இன்னும் ஒரு பத்து மைல் ஓடியிருந்தால் பிய்த்துக்கொண்டு போயிருக்கும் என்றான். அன்றைக்கு யாரும் என்னை டாக்டர் என்று கூப்பிடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். கடை வரிசையில் மாடியில், அறுபது நாற்காலி போட்ட சின்னச் சபை அது. ஆண்டவர் நம் வாழ்க்கையில் செய்ததை எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொல்வதைத்தான் நாங்கள் சாட்சி என்கிறோம். எனக்கு நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. "நான் பயப்படுறவன். அந்தப் பயத்த வெச்சே ஆண்டவர் நாப்பது பேரக் காப்பாத்திட்டார்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். முன்வரிசையில் ஒரு பெரியம்மா அழுதார். பாஸ்டர் வந்து கட்டிப்பிடித்தார்.

என் வீழ்ச்சி அங்கேதான் ஆரம்பித்தது. பிள்ளைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். அன்று நான் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. நன்றிதான் சொன்னேன். ஆனால் சொல்லி முடித்து உட்கார்ந்தபோது நெஞ்சுக்குள் ஒரு இனிப்பு ஊறியது. ஐம்பது வயது வரைக்கும் யாரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. அந்த இனிப்பு மறுபடியும் வேண்டும் என்று இருந்தது.

அடுத்த மாதம் ஈப்போவில் இன்னொரு சபையில் கூப்பிட்டார்கள். அங்கே சொல்லும்போது, என் காதில் ஒரு குரல் கேட்டது போல இருந்தது என்றேன். அதற்கடுத்த இடத்தில், குரல் கேட்டது என்றேன். ஹுத்தான் மெலிந்தாங் வரைக்கும் கூப்பிட்டார்கள். அங்கே போவதற்குள் ஆண்டவர் என் பெயரைச் சொல்லி, "எடுக்காதே மகனே" என்று தெளிவாகப் பேசியிருந்தார். மீட்டர் முள் கதையில் இருந்தே காணாமல் போய்விட்டது. பயமும் போய்விட்டது. பயந்தவனை யார் வந்து கேட்பார்கள்?

என் மனைவி ஸ்டெல்லா எல்லாச் சபைக்கும் கூட வந்து கேட்டுக்கொண்டே இருந்தவள், அன்று திரும்பி வரும் வழியில் சொன்னாள்: "மொத மாசம் முள்ளு மெதுவா ஏறுச்சுன்னீங்க. இந்த மாசம் ஆண்டவரே பேசிட்டாரு. அடுத்த மாசம் நீங்க பின்னால ஒக்காருங்க, அவரே ஸ்டியரிங் புடிக்கட்டும்."

நான் அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. ஆண்டவரின் காரியத்தைக் கேலி செய்கிறாளே என்று மனசுக்குள் அவளுக்காக ஜெபம் வேறு செய்தேன். இப்போது நினைத்தால் காது கூசுகிறது.

இதற்குள் காலையில் நட்டுகளைத் தொட்டுப் பார்ப்பதும் குறைந்துவிட்டது. ஒரு சுற்று நடந்து பார்ப்பேன், பிறகு அதுவும் இல்லை. ஆணவம் என்றால் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடப்பது என்று நினைத்திருந்தேன். என்னிடம் அது அப்படி வரவில்லை. சாமி பேரைச் சொல்லிக்கொண்டு, நன்றி சொல்கிற முகத்தோடு வந்தது. அதனால் யார் என்று அடையாளம் தெரியவில்லை. என் வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்று நான் நம்பியது ஆண்டவர் மேல் இருந்த விசுவாசம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பயப்படாமல் ஓட்டிய அந்த ஒரு நாள், வியாழக்கிழமை. இரண்டு மணிக்கே வானம் இருட்டி, ஷிப்ட் விடும் நேரத்தில் மழை ஊற்றியது. மற்றவர்கள் ஓவர்டைமுக்கு நின்றுவிட, இருபத்தாறு பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். தாமானுக்குத் திரும்பும் முன் பெரிய சாலையில் மரம் விழுந்து, வண்டிகள் ஒரு மைலுக்கு நின்றன. அரை மணி நேரம் அசையவில்லை. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு வீட்டுச் சாவி இல்லை என்று ஒருத்தி, அடுப்பில் ஒன்றும் இல்லை என்று ஒருத்தி. பக்கத்திலேயே தோட்டத்துக்குள் போகிற பழைய மண் சாலையின் வாய் தெரிந்தது. அந்த வழியில் போனால் பத்து நிமிஷம்தான்.

மழை நாளில் தோட்டத்துச் சாலைக்குள் பஸ் போகக் கூடாது என்பது எங்கள் பஸ் கம்பெனி விதி. அதை எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

திருப்பினேன்.

என் பின்சீட்டில் எப்போதும் மல்லிகா உட்கார்ந்திருப்பாள். பேக்கிங் செக்‌ஷனில் பதினாலு வருஷம் வேலை செய்தவள், மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிற பெண். "அண்ணே, பள்ளத்துல தண்ணி ஏறியிருக்கும்ணே. நின்னே போலாம்லா. லேட்டானா லேட்டு" என்றாள்.

"நான் பொறந்த எஸ்டேட் மல்லிகா இது. கண்ணக் கட்டி விட்டாலும் போவேன்" என்றேன்.

"கண்ணத் தொறந்துகிட்டே போங்கண்ணே, அது போதும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பள்ளத்துக்கு வந்தபோது சாலை தெரியவில்லை. பழுப்புத் தண்ணீர் இந்தப் பக்கத்துச் செம்பனையிலிருந்து அந்தப் பக்கத்துச் செம்பனை வரை பரந்து கிடந்தது. ரொம்ப வேகம் இல்லை. ஓரத்தில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்து, தொப்பலாக நனைந்திருந்தான். சாலையின் குறுக்கே ஒரு செம்பனை மட்டையை இழுத்துப் போட்டிருந்தான். பஸ்சைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கினான்.

அவன் பெயர் ஷபிக் என்று பிறகுதான் தெரியும். வங்காள தேசத்துப் பையன், தோட்டத்து வெளிக்காட்டில் செம்பனைப் பழம் வெட்ட வந்தவன். வண்டி எதையும் விடாதே என்று அவர்களை வேலை வாங்குகிற மண்டோர் அவனை அங்கே நிறுத்தியிருந்தார்.

நான் வண்டியை நிறுத்தி ஜன்னலைத் திறந்தேன். "ஜாங்கான், பாங். டாலாம்" என்றான். வேண்டாம் அண்ணே, ஆழம் என்கிறான். கையை நீட்டி வலது பக்கத்தைக் காட்டிக் காட்டிச் சொன்னான். நீ இங்கே வந்து எத்தனை நாள் என்று மலாயில் கேட்டேன். மூன்று மாசம் என்றான்.

நான் பின்னால் திரும்பி, பெண்களுக்குக் கேட்கிற மாதிரி தமிழில் சொன்னேன்: "மூணு மாசமாம். எனக்கு மேடு பள்ளம் சொல்லிக் குடுக்க வந்துட்டாரு."

சிரித்தார்கள். இந்த முறை பாதிப் பேர்தான் சிரித்தார்கள். மல்லிகா சிரிக்கவில்லை. எனக்கு அந்தப் பாதிச் சிரிப்பே போதுமாக இருந்தது. மட்டையின் மேல் ஏற்றி வண்டியைத் தண்ணீரில் இறக்கினேன்.

அந்தப் பள்ளம் எனக்குத் தெரியும். சின்ன வயசில் வெள்ளம் வந்தால், கித்தாப் பால் ஏற்றும் டிராக்டர் வலது பக்கத்தை ஒட்டித்தான் போகும். அங்கே அடியில் கெட்டியான செம்மண் பாறை. இடது பக்கம் சேறு. தோட்டத்தில் பிறந்த எல்லாருக்கும் அது தெரியும். அதனால் நானும் வலது பக்கத்தை ஒட்டிப் போனேன். செம்பனை நட்டபோது தோட்டக் கம்பெனி அந்தப் பாறையை மிஷினால் உடைத்து, வலது பக்கம் ஓர் ஆள் ஆழத்துக்குக் கால்வாய் வெட்டியிருந்தது. சாலையை இடது பக்கம் தள்ளி மேடாக்கியிருந்தது. மூன்று மாசம் முன்னால் வந்த பையனுக்கு அது தெரியும். அங்கேயே பிறந்த எனக்குத் தெரியாது. நான் ஓட்டியது இல்லாத ஒரு சாலையில்.

வலது முன்சக்கரம் இறங்கியது. பஸ் அப்படியே என் பக்கமாகச் சாய்ந்தது. எஞ்சின் நின்றது. என் காலடியில் தண்ணீர் வந்தது, பிறகு முழங்காலுக்கு வந்தது. பின்னால் எல்லாரும் கத்தினார்கள். ஒருத்தி மாரியாத்தாவைக் கூப்பிட்டாள், ஒருத்தி யேசப்பா என்றாள், ஒருத்தி தன் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனையோ சபையில் மைக் பிடித்துப் பேசிய எனக்கு ஒரு வார்த்தை ஜெபம் வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்க முடியவில்லை.

கதவு இடது பக்கம், மேடான பக்கம். அதை வெளியிலிருந்து தட்டியது அந்தப் பையன்தான். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றான். மேட்டுச் சாலை எங்கே இருக்கிறது என்று காலால் தடவித் தடவித் தெரிந்துகொண்டு, படியில் இறங்கியவர்களை ஒவ்வொருவராகக் கைபிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டான். முதலில் சிலர் அவன் கையைப் பிடிக்கத் தயங்கினார்கள். நாலைந்து பேர் போன பிறகு அவர்களே கை நீட்டினார்கள். இருபத்தாறு தடவை போய் வந்தான். படி வழுக்கி மல்லிகா விழுந்தாள். மணிக்கட்டு மடங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. இன்னும் கேட்கிறது.

கடைசியாக என்னிடம் வந்தான். கையைக் கொடு என்று சொல்லவில்லை. ஸ்டியரிங்கில் இருந்த என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

யாரும் சாகவில்லை. மல்லிகாவுக்குக் கையில் கட்டு, மூன்று மாசம் வேலைக்குப் போக முடியாது. அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். இன்னொரு சாட்சியாக்கிச் சபை சபையாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். ஆனால் அதோடு முடியவில்லை.

மறுநாள் எங்கள் மேனேஜர் கூப்பிட்டு, மலாயில் தட்டச்சு செய்த ஒரு கடிதத்தை முன்னால் வைத்தார். தண்ணீர் திடீரென்று ஏறியது, அங்கே தடுப்பு எதுவும் இல்லை, எச்சரிக்க யாரும் இல்லை என்று எழுதியிருந்தது. திங்கட்கிழமை தோட்டத்து ஆபீசிலிருந்து ஆள் வரும், அதற்குள் கையெழுத்துப் போட்டால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவர் கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

"அங்க ஒரு பையன் நின்னானே" என்றேன்.

"தோட்டத்துல அவனத்தான் கேக்குறாங்க அண்ணே. நிறுத்தச் சொல்லி வெச்ச ஆளு, எங்கயோ போய் ஒதுங்கிட்டான்னு சொல்றாங்க. பெர்மிட்ட ரத்து பண்ணி ஊருக்கு அனுப்பிடுவாங்க. நீங்க ஏன் அதுல தலையக் குடுக்குறீங்க?"

நான் கையெழுத்துப் போடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்த மூன்று நாளும் நான் வீரனாக இருந்தேன் என்று நினைக்காதீர்கள். ஐம்பது வயதில் லைசென்ஸ் போனால் ஆறாம் வகுப்பு படித்தவனுக்கு யார் வேலை தருவார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையனுக்கு வயசு இருக்கிறது, வேறு எங்காவது போய்ப் பிழைத்துக்கொள்வான் என்றும் நினைத்தேன். அதை நினைத்ததும் நான்தான்.

சனிக்கிழமை மல்லிகா வீட்டுக்குப் போனேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போனேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தாள்.

"நாங்க எல்லாரும் பேசிட்டோம் அண்ணே. இத்தன வருஷம் எங்களப் பத்திரமா கொண்டு வந்து விட்டீங்க. ஒரு நாளுக்காக ஒங்க சோத்துல மண்ணு போட மாட்டோம். யாரு கேட்டாலும், அங்க யாரும் நிக்கலன்னு சொல்லிடுறோம்."

நான் மைலோவை ஊதி ஒரு வாய் குடித்தேன்.

"நீங்க என்ன சொல்றீங்களோ அதான் நானும் சொல்வேன்" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அந்தப் பையன் கை சில்லுன்னு இருந்துச்சுண்ணே" என்றாள்.

மைலோவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இருபத்தாறு நல்ல பெண்கள் எனக்காகப் பொய் சொல்லத் தயாராக இருந்தார்கள். என் ஆணவம் என்னோடு நிற்கவில்லை. அவர்கள் நாக்கு வரைக்கும் போயிருந்தது.

ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். ஆண்டவர் நம் சகோதரரை இரண்டாம் முறையும் காப்பாற்றியிருக்கிறார் என்று சொல்லி மைக்கை நீட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். எழுந்து போனேன். அந்த முதல் நாள் போலவே பயமாக இருந்தது.

"ஒருத்தன் கை காட்டுனான். நான் பாத்தேன். பாத்துட்டும் போனேன். அவன்தான் எங்கள வெளிய எடுத்தான்" என்றேன்.

அவ்வளவுதான் வந்தது. யாரும் கை தட்டவில்லை. பாஸ்டர் மைக்கை வாங்கி, ஜெபிப்போம் என்றார். கீழே படியிறங்கும்போது ஸ்டெல்லா என் பின்னால் வந்துகொண்டே சொன்னாள்: "இன்னைக்குத்தான் நீங்க சாட்சி சொல்லியிருக்கீங்க."

திங்கட்கிழமை தோட்டத்து ஆபீஸ் ஆள் வந்தபோது, மேனேஜர் முன்னாலேயே அதையே சொன்னேன். மட்டையைக் குறுக்கே போட்டிருந்தான், இரண்டு கையையும் தூக்கினான், வலது பக்கம் ஆழம் என்று காட்டினான், நான் கேட்கவில்லை. மேனேஜர், யோசித்துச் சொல்லுங்கள் அண்ணே என்று இரண்டு தடவை சொன்னார். மூன்று நாளாக அதைத்தான் யோசித்தேன் என்றேன். தட்டச்சுக் கடிதத்தை அவர் மேசையில் வைத்தேன். அவர் எதிரிலேயே என் கையெழுத்தில், பள்ளிப்பிள்ளை எழுதுவது போல, தமிழில் ஆறு வரி எழுதிக் கொடுத்தேன். ஆபீசில் எழுத்து வேலை பார்க்கிற கிராணி அதை மலாயில் மாற்றினார்.

ஏழு மாதம் நான் வண்டி ஓட்டவில்லை. லைசென்ஸ் முழுசாகப் போகாமல் இருந்ததற்கு அந்த மேனேஜர் எங்கெங்கோ நடந்தார். அவருக்கு நான் கடன்பட்டவன். அந்த ஏழு மாதமும் டிப்போவில் பஸ் கழுவினேன். மற்றவர்கள் ஓட்டும் வண்டிகளின் சக்கரத்தடியில் உட்கார்ந்து சேற்றைத் தேய்த்து எடுக்கும்போது நட்டுகள் கண்ணுக்கு நேராக இருக்கும். ஒன்றிரண்டு தடவை தளர்ந்த நட்டைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். "டாக்டர் வார்டுக்குத் திரும்பிட்டாரு" என்றார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்.

பயம் இருந்தவரைக்கும் நான் எல்லாரையும் கேட்கிறவனாக இருந்தேன். மெக்கானிக் சொன்னாலும், பயணி சொன்னாலும், ரோட்டில் போகிறவன் சொன்னாலும் நின்று கேட்பேன். பயம் போனபோது காதும் போய்விட்டது. உங்களைப் பயந்து நடுங்கச் சொல்லவில்லை. ஆனால் உங்களுக்குத் தெரிந்த சாலையில், உங்களை நாலு பேர் புகழ்ந்த வாரத்தில், உங்களைவிடச் சின்னவன் ஒருவன் வேண்டாம் என்று சொல்லும்போது, அவனிடம் எத்தனை மாசம் ஆச்சு என்று மட்டும் கேட்காதீர்கள். தண்ணீர் எத்தனை ஆழம் என்று கேளுங்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பட்டியல் பெரியது. ஸ்டெல்லா, மல்லிகா, அந்த மேனேஜர், அந்தப் பாஸ்டர். என்னைக் கைவிடாமல், ஆனால் தடுக்கி விழவும் விட்ட ஆண்டவர். இத்தனை பேர் இல்லாவிட்டால் நான் இன்னும் எந்த மேடையில் நின்று என்ன சொல்லிக்கொண்டிருப்பேனோ.

அந்தப் பையனைப் பார்க்க மட்டும் எனக்கு இரண்டு வாரம் தைரியம் வரவில்லை. தோட்டத்தில் அவனை வைத்துக்கொண்டார்கள் என்று மண்டோர் மூலமாகத் தெரிந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம், டவுனில் முஸ்லிம் கடையில் நெய்ச்சோறும் கோழியும் நாலு பேருக்குக் கட்டி வாங்கிக்கொண்டு, அவர்கள் தங்கியிருந்த கொங்சிக்குப் போனேன். பலகைச் சுவர், நீளமான ஒரே கூரை. ஷபிக் வெளியே குந்தித் துணி துவைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, ஈரக் கையை லுங்கியில் துடைத்தான்.

எனக்கு வேலை போய்விட்டது என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். மற்றது எதுவும் அவனுக்குத் தெரியாது. வரும் வழியெல்லாம் மலாயில் மன்னிப்புக் கேட்கப் பழகிக்கொண்டு வந்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். தட்டுத் தடுமாறிய மலாயில் அவன் சொன்னது இதுதான்: நான் ஓரமாக நின்றது தப்பு. பஸ்சைப் பார்த்துப் பயந்துவிட்டேன். நடுவில் நின்றிருந்தால் நீ நிறுத்தியிருப்பாய். அந்த அக்காவின் கை உடைந்திருக்காது. உன் வேலை போயிருக்காது. என்னை மன்னித்துவிடு.

இரண்டு வாரமாக அவன் அதை நினைத்து நினைத்துத் தூங்காமல் இருந்திருக்கிறான். கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. தூங்காத கண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

நிறுத்தியிருப்பேன், நிச்சயமாக நிறுத்தியிருப்பேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அன்றைய என்னை நினைத்துப் பார்த்தேன். பின்னால் இருந்து வந்த அந்தச் சிரிப்பு, மட்டையின் மேல் ஏறிய சக்கரம். அவன் நடுவில் நின்றிருந்தால்?

"தெரியல தம்பி" என்றேன். பழகிக்கொண்டு வந்த மலாய் மறந்துவிட்டது, தமிழில்தான் வந்தது. "நிறுத்தியிருப்பேனான்னு எனக்கே தெரியல. நீ ஓரமா நின்னதுதான் நல்லது."

அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ. பிறகு உள்ளே போய்த் தட்டுகளைக் கொண்டு வந்து, பொட்டலத்தைப் பிரித்து, முதல் கை சோற்றை அள்ளி என் தட்டில் வைத்தான்.

"மாக்கான், பாங்" என்றான்.

சாப்பிட்டேன்.